சைக்கிள் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அகலம்: சில ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

சைக்கிள் சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். சில ஆண்டுகளாகப் பல வகை சீட்டுகளில் உட்கார்ந்து ஓட்டிய பிறகு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் இடுப்பெலும்புக்கு ஏற்ற அகலமா என்று பாருங்கள், மென்மையை அப்புறம் பார்க்கலாம்.

நான் சின்ன வயதில் ஓட்டியதோடு விட்டு, ஐம்பதுகளின் பிற்பகுதியில் மறுபடி சைக்கிள் ஏறியவள். மூச்சு வாங்கும், முழங்கால் பிடிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினேன். அவையெல்லாம் போகப் போகச் சரியாகிவிட்டன. சரியாகாமல் நின்றது உட்காரும் இடம் மட்டும்தான். என் வயதில் மறுபடி ஓட்டத் தொடங்கியவர்களோடு பேசினால், சைக்கிளை ஓரம் கட்டியதற்கு அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காலில் தெம்பு இருக்கிறது, உட்கார முடியவில்லை. இந்த ஒரு காரணத்துக்காக யாரும் சைக்கிளை விட வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கெட்டியான பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் எலும்பு முனை தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. நாம் உட்காரும்போது எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருப்பது மென்மையான பகுதி. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. எலும்பு எடையைத் தாங்கும், நரம்பு தாங்காது. ஆகவே நல்ல சீட்டின் வேலை, எடை முழுவதையும் எலும்பு முனைகளில் இறக்கிவிட்டு நடுப்பகுதியைச் சும்மா விடுவது.

அந்த முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ.க்குள் இருக்கும், பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல். உடம்பு பருமனைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது. ஒல்லியானவருக்கு அகன்ற எலும்பும் இருக்கலாம், பருத்தவருக்குக் குறுகலும் இருக்கலாம். வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் பெட்டியின் நெளிவு அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கெட்டியான நாற்காலியின் மேல் போட்டு, மெல்லிய உடையோடு உட்காருங்கள். கால் கட்டைவிரலை ஊன்றி முழங்காலைச் சற்று உயர்த்தி, நாற்காலியின் ஓரத்தைப் பிடித்து உடம்பைக் கீழே அழுத்துங்கள். எழுந்தால் அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்தால் உங்கள் அளவு.

எனக்கு 13 செ.மீ. வந்தது, என் கணவருக்கு 11. இதோடு 2 செ.மீ. கூட்டினால் கொஞ்சம் குனிந்து ஓட்டுகிறவருக்கான சீட் அகலம். நிமிர்ந்து ஓட்டுகிறவர் 3, 4 செ.மீ. கூட கூட்டிக்கொள்ளலாம். குனியக் குனிய எடை முன்பக்கம் நகர்கிறது, எலும்பின் அந்தப் பகுதி குறுகலானது. நிமிர்ந்தால் பின்னால் உள்ள அகன்ற பகுதியில் உட்காருகிறோம். இது தோராயக் கணக்குதான் என்றாலும், தேடுவதற்கு ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. இன்னொன்று, சீட்டின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சீட் வரும் பெட்டியில் போட்டிருக்கும் அகலம் முழுவதும் உட்காரப் பயன்படாது. மேலிருந்து பார்க்காமல் பின்னாலிருந்து பாருங்கள், தட்டையான பகுதி எவ்வளவு என்று தெரியும்.

சைக்கிளோடு வந்த சீட்டின் மொத்த அகலம் 14.5 செ.மீ. அதன் வளைந்த ஓரத்தில்தான் என் எலும்புகள் நின்றன, எடை நடுவில் விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு, அகலமான ஜெல் சீட் ஒன்றைப் போட்டேன். உட்கார்ந்த உடனே சுகமாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்குள் மரத்துப்போகத் தொடங்கியது. காரணம் எளிது. ரொம்ப மென்மையான பொருளில் எலும்பு அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த இடத்திலிருந்து ஒதுங்கும் ஜெல் நடுவில் மேலெழுந்து, எந்தப் பகுதியைச் சும்மா விட வேண்டுமோ அதையே அழுத்தும். தேவைக்கு மேல் அகலம் என்பதால் மிதிக்கும்போது உள்தொடையும் உரசியது. நாள் ஆக ஆக ஜெல் ஒரு பக்கம் ஒதுங்கி மேடு தட்டிவிட்டது, தையல் ஓரத்தில் உறையும் பிளந்தது. கால் மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிறவருக்கு ஜெல் சீட் போதும், அதற்கு மேல் வேண்டாம். சீட்டின் மேல் மாட்டும் ஜெல் உறையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது நழுவும்.

அடுத்து வந்தது ஸ்பிரிங் வைத்த தோல் சீட். இந்த வகையைப் பற்றி எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1866இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றது. அந்த அமைப்பின் அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை. பஞ்சே கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டிய கனமான தோல், தூளி மாதிரி உடம்பை ஏந்திக்கொள்கிறது. புதிதில் பலகை போல இருக்கும். ஓட்ட ஓட்ட எலும்பு படும் இடத்தில் மட்டும் இலேசாகக் குழிந்து, உட்காருகிறவரின் உருவத்துக்கே வந்துவிடும். அதனால்தான் ஒருவர் பழக்கிய தோல் சீட் இன்னொருவருக்குச் சரிப்படுவதில்லை. பழகிய பிறகு, எலும்பு வலி என்ற ஒன்றே எனக்கு இல்லாமல் போனது. காற்றும் கொஞ்சம் புகுவதால் வியர்வைப் புழுக்கமும் குறைவு.

ஆனால் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நனையக் கூடாது, நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும். அவ்வப்போது அதற்குரிய மெழுகைத் தடவ வேண்டும். தொய்வு கண்டால், சீட்டின் முன்னால் நீண்டிருக்கும் மூக்கின் அடியில் உள்ள நட்டை ஸ்பேனரால் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இறுக்கலாம். இதையெல்லாம் விருப்பமாகவே செய்தேன். எனக்கு ஒத்துவராதது வேறு ஒன்று. நடுவில் திறப்பு இல்லாத தோல் சீட் என்பதால், எதிர்காற்றில் குனிந்து மிதிக்கும்போது முன்பக்கம் அழுத்தியது. பெண்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகம். நடுவில் நீளத் திறப்பு வெட்டிய தோல் சீட்டுகளும் வருகின்றன. தோல் பிடித்தவர்கள் அதைப் பார்க்கலாம்.

என் கணவரின் சிக்கல் வேறு மாதிரி. அவருக்கு எலும்பு வலி இல்லை, மரத்துப்போவதுதான் தொல்லை. அதனால் மூக்கே இல்லாத சீட்டை முயன்று பார்த்தார். இது வெறும் விளம்பரச் சரக்கு இல்லை. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் 90 ஆண் போலீஸ்காரர்களுக்கு ஆறு மாதம் மூக்கில்லாத சீட்டைக் கொடுத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டது. பிறப்புறுப்பு மரத்துப்போகவில்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தார்கள். இவருக்கும் மரத்துப்போவது நின்றது. ஆனால் சீட்டின் மூக்குக்கு ஒரு வேலை உண்டு: வளைவில் உள்தொடை அதை ஒட்டி நின்று சைக்கிளை நிதானப்படுத்தும். அது இல்லாதபோது எடை கைகளுக்குப் போனது, உள்ளங்கை வலி வந்தது. கடைசியில், மூக்கு குட்டையாகவும் நடுவில் ஆழமான பள்ளத்தோடும் இருக்கும் சீட்டில் அவர் நிலைத்தார்.

நான் இப்போது ஓட்டுவது 17 செ.மீ. அகலமுள்ள, நடுவில் திறப்பு வைத்த, அமுக்கினால் எளிதில் உள்ளே போகாத கெட்டி ஃபோம் சீட். கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கிறவர் வேண்டாம் என்று தள்ளிவிடக்கூடிய சீட். இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் இறங்கியதும் சாதாரணமாக நடக்க முடிகிறது.

சீட் மட்டும் மாறியதால் வந்த சுகம் இல்லை இது. ஹேண்டில்பாரைச் சீட்டை விடச் சற்று மேலே இருக்கும்படி உயர்த்தினேன். சீட்டின் மேற்பரப்பைத் தரைக்கு இணையாக வைத்து, மூக்கை ஓரிரு டிகிரி மட்டும் கீழே சாய்த்தேன். அதற்கு மேல் சாய்த்தால் உடம்பு முன்னால் சரியும், மணிக்கட்டு எடையைத் தாங்கும்.

உயரத்தைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படிகிற அளவுக்குச் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறோம். பயம் நியாயமானது. எலும்பு முறிவு இந்த வயதில் விளையாட்டில்லை. ஆனால் சீட் தாழ்ந்தால் கால் முழுதாக நீளாது. பெடலுக்குப் போக வேண்டிய எடையும் சீட்டிலேயே உட்கார்ந்துவிடும், முழங்காலும் கெடும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அதே உயரத்தில் முழங்கால் இலேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகுங்கள். காலி மைதானத்தில் நாலைந்து நாள் பழகினால் வந்துவிடும். அது முடியாது என்றால், பெடல் சற்று முன்னால் தள்ளி அமைந்த சைக்கிள்கள் இருக்கின்றன. அவற்றில் கால் நன்றாக நீளும், பாதமும் தரையைத் தொடும். மறுபுறம், சீட் ரொம்ப உயர்ந்தால் மிதிக்க மிதிக்க இடுப்பு பக்கவாட்டில் ஆடி, தோல் உரசிப் புண்ணாகும்.

மேடுபள்ளத்தின் குலுக்கலுக்குச் சீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் அகன்ற டயரைப் போட்டு, டயரில் எழுதியிருக்கும் வரம்புக்குள் காற்றைக் குறைத்து வைத்ததே பாதி வேலையைச் செய்தது. மீதியை ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், பார்த்துக்கொள்கிறது. நேராக மேலும் கீழும் இறங்கும் வகையை விட, பின்பக்கமாக மடங்கி இறங்கும் வகை எனக்கு மென்மையாகப் பட்டது. வாங்கும் முன் பழைய போஸ்டின் விட்டத்தைப் பாருங்கள், அதிலேயே பொறித்திருக்கும்; 27.2 மி.மீ. பரவலான அளவு. இவை உயரத்தில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் குட்டையானவர்கள் அளந்துவிட்டு வாங்க வேண்டும்.

வயது ஏற ஏறப் பின்புறத் தசை குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பகுதித் தோலும் மெலிந்து வறண்டுவிடுகிறது. ஆகவே உடையின் தையல் எங்கே விழுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. பேடு வைத்த ஷார்ட்ஸ் நீண்ட ஓட்டத்துக்கு நல்லது. அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, உள்ளாடையின் தையல்தான் அறுக்கும். ஒவ்வொரு முறையும் துவைத்தே போட வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று சில வினாடி ஓட்டினால் இரத்த ஓட்டம் திரும்பும்.

வலியில் இரண்டு விதம் உண்டு. எலும்பு முனைகளில் வரும் கன்றிப்போன மாதிரியான வலி, புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்ச தூரம் ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். அதற்குப் பயந்து சீட்டை மாற்ற வேண்டாம். மரத்துப்போவது அப்படி இல்லை. அதைப் பழக்கிக்கொள்ளக் கூடாது, சீட்டையோ உட்காரும் விதத்தையோ மாற்றியாக வேண்டும். இறங்கிய பிறகும் நீடித்தால், அல்லது சிறுநீரில் இரத்தமோ எரிச்சலோ தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள். புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. புராஸ்டேட்டுக்காகச் செய்யும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் சைக்கிள் ஓட்டாமல் இருக்க வேண்டும். அளவு கூடிக் காட்டக்கூடும்.

ஃபோம் சீட்டுக்கு ஆயுள் உண்டு. என் முதல் கெட்டி ஃபோம் சீட் சில ஆண்டுகளில் வலப்பக்கம் தாழ்ந்துவிட்டது. காரணம் தெரியாத முதுகுவலி வந்த பிறகுதான், பின்னாலிருந்து பார்த்துக் கண்டுபிடித்தோம். அதே மாடல், அதே அகலத்தில் புதியது வாங்கி மாட்டினேன். சீட்டைக் கழற்றும் முன் போஸ்டில் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி, மூக்கின் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதுச் சீட் பழைய இடத்திலேயே உட்காரும். மாட்டிய ஒரு வாரத்தில் ஆலன் கீயால் (ஆறு பக்க முனை உள்ள சாவி) அடி போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள், கிறீச் சத்தம் வராது.