வீட்டில் வகுப்பா, வாட்ஸ்அப் குழுவா?

ஓய்வுபெற்றபின் தோட்டக்கலை சொல்லிக்கொடுக்க, கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடியில் வசிப்பவருக்கும் இரண்டு வழி உண்டு.

பதியம் வைப்பதை, அதாவது கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே வேர்விடச் செய்வதை, நேரில்தான் காட்டவேண்டும். தேசியிலோ செவ்வரத்தையிலோ பென்சில் தடிப்புள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியிலுள்ள வழுவழுப்பான படலத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டவேண்டும். அது மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் விடாது. வழுவழுப்புப் போய்விட்டதா என்பது விரலுக்குத்தான் தெரியும். எந்தக் காணொளியும் உதவாது. பிறகு, நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டலாம். சொட்டச்சொட்டக் கட்டினால் அழுகும். ஐந்து பேருக்கு மேல் அழைக்காதீர்கள். ஆளுக்கொரு கிளை கிடைக்காது.

பூச்சி, நோய்க்குக் குழுவே வசதி. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. இலையின் அடிப்பக்கத்தையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஊகம்தான்.

குழுவின் தொல்லை வேறு: காலை வணக்கப் படங்களுக்குள் பதில் புதைந்து, அதே கேள்வி மறுவாரமும் வரும். குரல்பதிவைத் தேடியும் எடுக்கமுடியாது; எழுத்தில் அனுப்புங்கள்.

ஒன்றுதான் முடியுமென்றால் நேர் வகுப்பு. மழை விட்ட காலையில் வையுங்கள்.