சூடைக்கு ஒன்றரை வருஷம்: சீஆர் கொப்பியில் எழுதி வைத்த கணக்கு

2024 சித்திரை, வருஷப்பிறப்புக்கு அடுத்த கிழமை. திருகோணமலை அலஸ்தோட்டக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்து ஆட்கள் மீன் தெரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு மண்ணிற நாய்க்குட்டி, எண்ணி எடுக்கலாம் போல விலா எலும்பு, ஒற்றைச் சூடை மீனுக்காக இரண்டு காகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காகம்தான் வென்றது. தோற்ற ஆளை நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பெட்டைக்குட்டி, ஏழு மாதம் இருக்கலாம், ஏழரைக் கிலோ. பெயர் சூடை.

"மீன்ர பேரையோ பிள்ளை நாய்க்கு வைக்கிறது?" என்று மாமி கேட்டா. இப்போது அவதான் அந்தப் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுகிறா.

வீட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுவது என் பழக்கம். சூடைக்கென்று பின்பக்கத்திலிருந்து தனியாக எழுதத் தொடங்கினேன். நாய் வளர்க்கக் காசு எங்கே போகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பக்கங்களைத்தான் இங்கே விரிக்கிறேன். நானும் முதலில் சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிக்க நினைத்தேன். பிடித்தேன்தான். ஆனால் சாப்பாட்டில் ஐந்து மாதமாகச் சேர்த்ததை ஒரு உண்ணி மூன்று கிழமையில் கொண்டுபோனது. அந்தக் கதை பிறகு.

முதல் மாதப் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. மெத்தை, அடியில் றப்பர் வைத்த எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, வாசனை ஷாம்பு, கீச்சிடும் பொம்மை, மணி கட்டிய பட்டி. 18,000 ரூபாவுக்குக் கிட்ட. மெத்தையை இரண்டாம் இரவே பஞ்சு பஞ்சாகப் பிரித்துவிட்டு, ஆள் குசினி வாசலில் வெறும் சீமெந்தில் படுத்திருந்தது. திருகோணமலை வெயிலில் எந்த நாய்தான் பஞ்சு மெத்தை கேட்கும்? மாரிக்கு மட்டும் பழைய அரிசிச் சாக்கு இரண்டை மடித்துப் போடுகிறேன். நனைந்தால் கழுவிக் காயவைக்கலாம். அந்தப் பட்டியலில் இன்றைக்கும் பாவனையில் இருப்பவை கிண்ணங்கள் மட்டும்தான். அவற்றுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. பிளாஸ்டிக் கிண்ணம் என்றால் கடித்தே தின்றிருக்கும்.

கடற்கரையில் நடக்கவைக்கப் பட்டி போதவில்லை, கயிறு வேண்டும். கடையில் விற்கிற நாய்க்கயிறு மூன்றாம் மாதமே கொக்கியோடு துருப்பிடித்துப் போனது, உப்புக்காற்று. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் தடித்த நைலோன் கயிறு இரண்டு யார் நீளத்துக்கு வாங்கி, எங்கள் ஒழுங்கையில் வலை தைக்கிற ஐயாவிடம் கைப்பிடி முடிச்சுப் போட்டுத் தரக் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, நூல் பிரியவில்லை. கோட்டைப் பக்கம் போகும்போது அந்தக் கயிறு கையில் இல்லாமல் நான் போவதில்லை. கோணேசர் கோயில் போகிற வழியில் நிற்கும் மான்களைக் கண்டால் சூடைக்கு நான் யாரென்றே தெரியாது.

விளையாட்டுச் சாமானுக்கு இப்போது செலவு பூச்சியம். விழுகிற குரும்பட்டி பந்து, சூப்பிக் காய்ந்த பனங்கொட்டை கடிக்க. மாங்கொட்டை மட்டும் வேண்டாம். வழுக்கி உள்ளே போய்க் குடலை அடைத்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். பனங்கொட்டையை எங்கள் நாயளவு நாயால் விழுங்க முடியாது.

இனிச் சாப்பாடு. முதல் நாலு மாதம் முழுக்கப் பைச் சாப்பாடுதான், இறக்குமதி உருண்டை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது கூடவே ஏறிய விலை, பிறகு டொலர் இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. சூடை இப்போது 14 கிலோ. கருத்தடை செய்த, பெரிதாக ஓடியாடாத நாய்க்கு அந்த எடையில் ஒரு நாளுக்குச் சுமார் 800 கலோரி போதும் என்று மிருக வைத்தியர் கணக்குப் போட்டுத் தந்தார். அவர் சொன்ன வழி இது: எடையைக் கிலோவில் எடுத்து 0.75ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கி, வருவதை 1.6ஆல் பெருக்குவது. நான் வாங்கும் உருண்டையில் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. ஆகவே நாளுக்கு 230 கிராம், மாதம் ஏழு கிலோ. கிலோ 2,000 ரூபாவுக்குக் கிட்ட விற்றபோது அது எங்களுக்குக் கட்டவில்லை.

இதில் நான் பிடித்த முதல் மிச்சம் ஒரு பழைய தேநீர்க் கோப்பை. அதுவரை கண்மதிப்பில் போட்டேன். பலசரக்குக் கடைத் தராசில் ஒருநாள் நிறுத்துப் பார்த்தால் 230க்குப் பதிலாக 300 கிராம் போய்க்கொண்டிருந்தது. மாதம் இரண்டு கிலோ அநியாயம், நாயின் இடுப்பும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கோப்பையில் மார்க்கர் பேனையால் ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான்.

இரண்டாவது மிச்சம் என்று நினைத்தது படுதோல்வி. சின்னப் பையைவிடப் பத்துக் கிலோப் பை கிலோவுக்கு விலை குறைவு. 2024 ஐப்பசியில் ஒன்றை வாங்கி, வாயைத் தும்புக்கயிற்றால் கட்டி அறை மூலையில் வைத்தேன். கார்த்திகை மழை எங்களூரில் எப்படியென்று தெரியாதவளா நான்! உடுப்பே மூன்று நாள் காயாது. அடியில் கொஞ்சம் கிடக்கும்போது கையை விட்டால் உருண்டைகள் பதமாக, சாம்பல் படர்ந்து, பழைய தேங்காய் மணத்தோடு. பூஞ்சணம் பிடித்த தானியத்தில் உண்டாகும் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு நாயின் ஈரலை நேராக அடிக்கும். வெயிலில் காயவைத்தாலோ வறுத்தாலோ போகாது. மூன்று கிலோவுக்கு மேல் குழி தோண்டிப் புதைத்தேன். கோழிக்குப் போடலாமே என்று மாமி கேட்டா. கோழிக்கும் ஆகாது.

இப்போது மாரியில் மூன்று கிலோப் பைதான், வெயில் காலத்தில்தான் பெரியது. பையை வெட்டிக் கொட்டாமல் அப்படியே இறுக்க மூடும் வாளிக்குள் இறக்கிவைக்கிறேன். காலாவதித் திகதியும் பையிலேயே இருக்கும். திறந்த சாக்கிலிருந்து அள்ளி நிறுத்து விற்கும் உருண்டையையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். மலிவுதான். எப்போது திறந்த சாக்கு என்று கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். பிறகு வாங்கவில்லை.

ஐந்தாம் மாதத்திலிருந்து காலையில் மட்டும் உருண்டை, 90 கிராம். இரவுக்குச் சோறும் மீனும். சோறு எங்கள் பானையிலிருந்தே, உப்புப் போடாமல்தானே வடிக்கிறோம். 200 கிராம் சோறு, 150 கிராம் மீன், ஒரு பிடி அவித்த பூசணி. மீன் திருகோணமலைக்காரருக்கு வரம். பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் கடல் படுத்திருக்கும், கரைவலை ஓடும், சூடையும் சாளையும் மீன் வாடியில் மலிவாகக் கிடைக்கும். சூடை, சாளை, கும்பளா, சூரை என எதுவானாலும் பிந்திய நேரத்தில், வெயிலில் கிடந்ததாக இருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் நான் வாங்குவதில்லை. இந்த மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடி நஞ்சாகும், அவித்தாலும் அது போகாது. மனிதருக்கே முகம் சிவந்து தலையிடிக்கும்.

சின்ன மீனைப் பச்சையாகவும் போடுவதில்லை. சூடை, சாளை, நெத்தலியில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதியம் உண்டு, வேகவைத்தால்தான் அது செயலிழக்கும். நாலு நாளுக்கு ஒருமுறை பிறஷர் குக்கரில் தண்ணீர் விட்டு முக்கால் மணித்தியாலம். எடுத்து விரலால் நசுக்கினால் முள் மாவாகும்; அப்படி ஆகாத முள்ளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பழைய ஐஸ்கிறீம் டப்பாக்களில் அடைத்து உறையவைத்தால் வேலை முடிந்தது. வெளி அடுப்பில் சிரட்டை போட்டு எரிக்கிறேன். காஸ் செலவைச் சேர்க்காமல் 'வீட்டுச் சாப்பாடு மலிவு' என்று சொல்வது பொய்க்கணக்கு. நாற்றம் ஒழுங்கை முழுக்க அடிக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. குக்கர் விசில் அடித்தால் நாலு பூனை மதிலில் ஏறி உட்காரும்.

கரைவலை ஓடும் கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வலையில் அகப்படும் பேத்தை மீனை மணலில் வீசிவிட்டுப் போவார்கள், பலூன் மாதிரி ஊதிக் கிடக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. தின்ற நாய்க்கு உடம்பு மரத்து மூச்சு நின்றுபோகும். சூடை ஒருநாள் வாயில் கவ்விவிட்டது. தாடையைப் பிரித்துப் பிடுங்கி எறிந்த அந்தப் பின்னேரத்தில் எனக்குக் கை நடுங்கியது நிற்க வெகுநேரம் ஆனது.

மாரியில் மீன் விலை ஏறும். அப்போது எலும்பு நீக்கிய கோழிக் கழுத்தும் முட்டையும். சமைத்த கோழி எலும்பு கொடுக்கக்கூடாது, கூராக உடையும். ஈரல் மலிவு என்று தினமும் போடுவதும் பிழை, உயிர்ச்சத்து ஏ கூடிப்போகும்; கிழமைக்கு ஒரு துண்டு போதும். முள்ளும் எலும்பும் இல்லாத சாப்பாட்டில் கல்சியம் அறவே குறைவு, கடையில் அதற்கென்று போத்தல் போத்தலாக விற்கிறார்கள். நான் முட்டைக்கோதைக் கழுவி, அவித்து, காயவைத்து, மாவாக அரைத்து வைத்திருக்கிறேன். ஒரு கோதில் இரண்டு கிராம் கல்சியம் அளவில் இருக்கும். மீன் முள் இல்லாத நாளில் கால் தேக்கரண்டி, மட்டமாக. வளரும் குட்டிக்கு உங்கள் எண்ணத்துக்கு அள்ளிப் போடவேண்டாம், கூடினாலும் எலும்புக்குக் கேடு.

மாமிக்கும் எனக்கும் இன்னும் தீராத வழக்கு சொதி. "எங்கட வீட்டு நாயள் எல்லாம் சொதிச்சோறு திண்டுதானே பத்துப் பன்ரெண்டு வருஷம் கிடந்தது. இவவுக்கு மட்டும் தனிச் சமையலோ?" என்பா. சொதியில் வெங்காயமும் உள்ளியும் கிடக்கிறது, நாயின் இரத்தத்தில் சிவப்பணுக்களை அது உடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப வெங்காயம் போடாமல் வைக்கிறன்" என்றா. வெங்காயமில்லாத சொதியை வீட்டில் யார் குடிப்பது?

உண்ணிக்கு வருகிறேன். மாதாமாதம் கொடுக்கும் உண்ணி மாத்திரை விலையைப் பார்த்துவிட்டு 2024 முடிவில் இரண்டு மாதம் நிறுத்தினேன். மாமி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினா. வாசம் நன்றாக இருந்தது. உண்ணிக்கும் அது பிடித்ததோ என்னவோ, ஒன்றும் இறங்கிப் போகவில்லை. மண்ணெண்ணெய் பூசச் சொன்னவர்களும் உண்டு, நல்லவேளை அதைச் செய்யவில்லை, தோல் வெந்துபோகும். 2025 மாசியில் ஒருநாள் சூடை மீனை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தால் வெள்ளை. உடம்பு கொதித்தது. உண்ணிக் காய்ச்சல். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் அடியோடு இறங்கியிருந்தன. நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டோ தேடுவது தனிக்கதை. இரத்தப் பரிசோதனை மூன்று தரம், ஊசி, சேலைன், 28 நாள் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. கொப்பியில் 27,000 ரூபா. மாத்திரையை நிறுத்தி நான் சேமித்தது அதில் பத்தில் ஒன்றுகூட வராது.

அதற்குப் பிறகு மாத்திரை தவறியதில்லை. நாயின் எடைக்குரிய மாத்திரையையே வாங்குகிறேன்; பெரிய நாயின் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் மருந்து சரிபாதியாக இருக்கும் என்று நம்பமுடியாது. முதுகில் ஊற்றும் மருந்து மலிவென்று சிலர் வாங்குகிறார்கள், வாங்கலாம். ஆனால் பெர்மெத்ரின் உள்ளதென்றால் பூனையுள்ள வீட்டில் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு. எங்கள் மதில் முழுக்கப் பூனை. மாத்திரையோடு சுவர் வெடிப்புகளையும் கதவு நிலை இடுக்குகளையும் சீமெந்து வைத்து அடைத்தேன். உண்ணி நாயில் இருப்பதைவிட அங்கேதான் கூட இருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி அரசாங்கத்தின் நடமாடும் முகாமில் இலவசம். ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவார்கள், கயிற்றோடு வரிசையில் நிற்கவேண்டியதுதான். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கருத்தடைக்கு இலவச முகாம் வருமென்று பார்த்திருந்து, அதற்குள் முதல் தீட்டு வந்து எங்கள் படலையில் பதினொரு கடுவன்கள் இரவிரவாகக் காவல் இருந்தன. அடுத்த தீட்டு வரக் காத்திராமல் காசு கொடுத்தே செய்வித்தேன். அதை நான் செலவுப் பக்கத்தில் எழுதவில்லை.

2025 புரட்டாசியில் சாப்பாடு, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வயிற்றுப்பூச்சி மருந்தின் பங்கு எல்லாம் சேர்த்து 9,400 ரூபா. சாப்பாட்டுக்கு மட்டும் 14,000 போன முதல் மாதங்களோடு பார்த்தால் இது எங்களுக்குத் தாங்கும். மழை தொடங்கமுன் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உறைபெட்டியில் இன்னும் ஆறு டப்பா மீன்.

நேற்று மாதக்கணக்கைக் கூட்டும்போது எங்கோ 150 ரூபா உதைத்தது. திரும்பப் பார்த்தேன். என் எழுத்துக்கு நடுவில் மாமியின் கோழிக்கீறல் எழுத்தில் ஒரு வரி: 'பாண் 1, சூடைக்கு.'