மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 40ஆம் ஆண்டுப் பதிப்பு: எம்பயர் பறக்கும் படகு எப்போது வரும்?

1982இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு வரிசையின் நாற்பதாம் ஆண்டை முன்னிட்டு 2022 நவம்பரில் வெளிவந்த சிறப்புப் பதிப்பு, அசோபோ ஸ்டூடியோ உருவாக்கிய 2020 வெளியீட்டை ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் விலையின்றிக் கிடைத்தது. அதில் வந்த ஹெலிகாப்டர்களைப் பற்றியும் கிளைடர்களைப் பற்றியும் ஏர்பஸ் ஏ310 பற்றியும் பலர் விரிவாக எழுதிவிட்டார்கள். என் பார்வையில் அந்தப் பதிப்பின் உண்மையான சொத்து அதிலுள்ள பழைய விமானங்கள்தாம். ரைட் சகோதரர்களின் 1903 ஃப்ளையர், லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ், டக்ளஸ் டிசி-3 என்று விமான வரலாற்றின் முக்கியமான பக்கங்களை நாமே ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். உடலே படகாக அமைந்த விமானங்கள் இந்த வரிசையில் இரண்டு உள்ளன: கிரம்மன் கூஸ், ஹியூஸ் எச்-4 ஹெர்குலிஸ். அவ்விரண்டையும் ஓட்டி மகிழ்ந்தவன் என்ற முறையில், அவற்றுக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய மூன்றாவது விமானமான எம்பயர் பறக்கும் படகைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஹெர்குலிஸ். ஏறத்தாழ 97 மீட்டர் இறக்கை அகலமும், ஒவ்வொன்றும் 28 சிலிண்டர் கொண்ட எட்டு எஞ்சின்களும் உடைய இந்த மர விமானம், 1947 நவம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் ஹோவர்ட் ஹியூஸின் கையில் ஒரே ஒரு முறை, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பறந்தது. அப்படிப்பட்ட ஒன்றை முழு உருவத்தில் செய்து, அது ஒருபோதும் எட்டாத உயரங்களுக்கு நம்மை அழைத்துச்செல்ல முடிகிறதென்றால், அதற்குச் சிமுலேட்டரைத் தவிர வேறு வழி இல்லை. விசையைக் கூட்டிய பின் நெடுநேரம் நீரைக் கிழித்துக்கொண்டே போகும் அந்தப் பேருடல் கடைசியில் மெல்ல எழும்போது உண்டாகும் வியப்பு இந்தப் பதிப்பின் பெரும் பரிசு. ஆனால் அந்த வியப்புக்குப் பிறகு எங்கே போவது என்ற கேள்வி வருகிறது. அந்த விமானத்துக்கென்று ஒரு தடம் இல்லை, பயணி இல்லை, நேர அட்டவணை இல்லை.

கூஸ் இதற்கு நேர் எதிரானது. 1937இல் முதலில் பறந்த இந்தச் சிறு விமானம் தண்ணீரிலும் ஓடுதளத்திலும் இறங்கக்கூடியது. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடிகள் விமானியின் தலைக்குமேலே கூரையில் தொங்குகின்றன. இரண்டு எஞ்சின்களின் விசையையும் ஏற்றியிறக்கித்தான் நீரில் திசை திருப்ப வேண்டும். காற்று அடங்கிய காலையில் இத்தாலியின் பிராச்சானோ ஏரியில் இதை இறக்கிப் பாருங்கள். நீர் கண்ணாடிபோல் கிடக்கும்; வானமும் கரையிலுள்ள குன்றுகளும் அதில் தலைகீழாகத் தெரியும்; நீரின் மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் கணிக்கவே முடியாது. உண்மையான நீர்விமானிகள் அப்போது கண்ணை நம்புவதில்லை. கரையை ஒட்டி வந்து, மூக்கைச் சற்றே தூக்கி, நிமிடத்துக்கு 150 அடி என்ற மெதுவான இறக்கத்தில் நிறுத்தி, நீர் தானாக வந்து தொடும்வரை காத்திருப்பார்கள். அந்தப் பொறுமையை இந்தச் சிமுலேட்டரின் ஒளியும் நீர்ப்பரப்பும் நம்மிடமும் கேட்கின்றன. வேறெந்தப் பாராட்டைவிடவும் இதையே நான் உயர்வாகச் சொல்வேன்.

இவ்வளவு அருமையான தண்ணீரைச் செய்துவிட்டு அதன்மேல் ஓட வேண்டிய மிகப் பொருத்தமான விமானத்தைத் தராமல் விட்டிருக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஷார்ட் எஸ்.23 என்ற பெயரில் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரில், ஆர்தர் கூஜ் வடிவமைத்து, ஷார்ட் சகோதரர்கள் நிறுவனம் கட்டிய எம்பயர் பறக்கும் படகையே சொல்கிறேன். மாதிரி விமானம் ஒன்றுகூடப் பறந்திராத நிலையில், வரைபடத்தை மட்டும் பார்த்து 28 விமானங்களை வாங்க இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. முதல் விமானமான கனோபஸ் 1936 ஜூலையில் பறந்தது. பின்னர் வந்த மாற்று வடிவங்களையும் சேர்த்தால் மொத்தம் 42 கட்டப்பட்டன. நான்கு பிரிஸ்டல் பெகாசஸ் எஞ்சின்கள், ஏறக்குறைய 35 மீட்டர் இறக்கை அகலம், மணிக்குச் சுமார் 265 கிலோமீட்டர் பயண வேகம். மேல்தளத்தில் விமானிகளும் தபால் மூட்டைகளும். கீழ்த்தளத்தில் பயணிகள் எழுந்து நின்று, கம்பியில் கைவைத்து, சன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு நடைக்கூடம்.

பலர் போயிங் 314 கிளிப்பர் என்ற அமெரிக்கப் பறக்கும் படகைத்தான் முதலில் கேட்பார்கள். அதன் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இரவு முழுவதும் கடலின்மேலேயே பறக்கும் விமானம் அது. உலகின் நிலத்தோற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கட்டியெழுப்பிய ஒரு சிமுலேட்டரில் அந்தப் பயணத்தின்போது பார்க்கக் கிடைப்பது இருட்டுதான். எம்பயர் படகின் எட்டுதூரம், அதாவது ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் பறக்கும் தூரம், சுமார் 1,200 கிலோமீட்டர். அதனாலேயே அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நீர்நிலையில் இறங்கியாக வேண்டும். பெரும்பாலும் பகலில், தரை தெளிவாகத் தெரியும் உயரத்தில் பறந்தது. எட்டுதூரம் குறைவு என்ற அதன் பலவீனமே நமக்கு வாய்ப்பாக மாறுகிறது.

1938இல் சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னி வரை நீண்ட அந்தத் தடத்தை வரைபடத்தில் தொட்டுக்கொண்டே போனால் நான் சொல்வது விளங்கும். மார்செய், பிராச்சானோ, பிரிண்டிசி, ஏதென்ஸ், அலெக்சாந்திரியா என்று மத்தியதரைக் கடல் ஓரமாகச் சென்று, கலிலேயாக் கடலில் இறங்குவார்கள். அந்த ஏரி கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே இருப்பதால், கடல்மட்டத்துக்கு ஒத்துவைத்த உயரமானியின் முள் பூச்சியத்தைத் தாண்டிக் கீழே போன பிறகும் விமானம் காற்றில்தான் இருக்கும். அடுத்து இராக்கின் பாலைவனத்தின் நடுவே ஹப்பானியா ஏரி, பாஸ்ரா, பஹ்ரைன், துபாய்க் கழிமுகம். கராச்சிக்குப் பிறகு ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தாவின் ஹூக்ளி ஆறு. அதற்கப்பால் ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், சுரபாயா, டார்வின். ஒன்பது நாளுக்கும் மேலாகும் பயணம். இரவுகளில் பயணிகள் கரையில் தங்கினார்கள். சிமுலேட்டரில் ஏற்கெனவே உள்ள புஷ் ட்ரிப் என்னும் பகுதி, ஒரு நெடும்பயணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தரையடையாளங்களைப் பார்த்துப் பறக்கவைக்கும் முறையில் அமைந்தது. இந்தத் தடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

நம் பக்கத்திலும் இத்தகைய நீர்நிலைகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சென்னையின் செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் அங்கிருந்து வங்கக் கடலின்மேல் ரோந்து சென்றன. இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் கேட்டலினாக்கள் 1943 முதல் இடைநில்லாமல் பறந்தன. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பயணிகள் பார்த்தார்கள். இவை எம்பயர் படகின் தடங்கள் அல்ல. ஆயினும் ஓடுதளமே தேவைப்படாத பெரிய விமானம் ஒன்று கையில் இருந்தால், குடிநீர் ஏரியாக மட்டும் நாம் அறிந்த இடங்கள்கூட நிலையங்களாக மாறிவிடும்.

விமானத்தின் உருவத்தை மட்டும் செய்துகொடுத்தால் போதாது. வீட்டுக் கணினிச் சிமுலேட்டர்கள் பொதுவாகத் தண்ணீரைச் சற்று வழுக்கலான ஓடுதளமாகவே நடத்துகின்றன. ஆனால் பறக்கும் படகின் கலை தண்ணீரில்தான் அடங்கியிருக்கிறது. அதன் அடிப்பாகத்தில் குறுக்காக ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வேகம் கூடக்கூட உடல் நீரிலிருந்து மேலேறி அந்தப் படியின்மேல் சறுக்கத் தொடங்கும்போதுதான் நீரின் பிடி தளரும். மூக்கின் கோணம் சிறிது தவறினாலும் விமானம் துள்ளத் தொடங்கி, ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும். அலையே இல்லாத நீரில் அந்தப் பிடி விடவே மறுக்கும் என்பதால், மோட்டார் படகை முன்னே ஓட்டி நீரைக் கலக்கிவிட்டுப் புறப்படுவதும் உண்டு. இறங்கிய பிறகு பிரேக் கிடையாது. காற்று இழுக்கும் பக்கமெல்லாம் போகும் உடலை வெளி எஞ்சின்களின் விசையால் திருப்பி, நீரில் இழுவைப் பைகளை எறிந்து வேகத்தைக் குறைத்து, முன் கதவிலிருந்து ஒருவர் விமானத்தைக் கட்டிவைப்பதற்கான மிதவையைக் கொக்கிக் கழியால் பிடிக்க வேண்டும். மிதவையில் கட்டும் இந்த வேலையை விளையாட்டின் பகுதியாகவே செய்து தந்தால், ஒவ்வொரு இறக்கமும் எஞ்சின் நின்ற பிறகுதான் முடியும்.

இதைச் செய்யும் திறமை அவர்களிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தனி விலைக்கு விற்கப்படும் தொகுப்புகளில் ஜெர்மனியின் டோர்னியர் டோ ஜே, பிரான்சின் லடேகோயேர் 631 ஆகிய பறக்கும் படகுகள் வந்திருக்கின்றன. இரண்டும் மனமொன்றிச் செய்த வேலைகள். எம்பயருக்கு ஒரு தனி நியாயமும் உண்டு. ஹெர்குலிஸை ஆரிகன் மாநில அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். கூஸ் விமானங்கள் சில இன்னும் பறக்கின்றன. எம்பயர் படகுகளில் ஒன்றுகூட முழுமையாக எஞ்சவில்லை. நியூசிலாந்தில் ஓடிய ஆவோடியரோவா என்ற எம்பயர் படகு, ஓய்வுக்குப் பின் ஆக்லாந்துக் கடற்கரையில் சில காலம் தேநீர்க் கூடமாக நின்று, பிறகு உடைக்கப்பட்டது. ஒரு நிமிடம்கூடப் பறக்காத விமானத்துக்கு இந்தப் பதிப்பு உயிர் கொடுத்திருக்கிறது. மூன்று கண்டங்களுக்கு ஆண்டுக்கணக்கில் தபாலும் மனிதரும் சுமந்த விமானத்துக்கும் அதே மரியாதையைக் கேட்கிறேன். அந்தத் தனித் தொகுப்புகளின் விலையைப்போல் இரண்டு மடங்கு கேட்டாலும் முதல் நாளே வாங்குவேன்.

நீர்விமானங்களில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் பதிப்பைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். எம்பயர் வரும்வரை கூஸை மார்செய் அருகிலுள்ள பெர் உப்பேரியில் இறக்கி, வழிகாட்டும் திரைகளை அணைத்து, நேரலை வானிலையைப் போட்டு, கோர்சிகாவின் வடமுனையைக் கண்ணால் தேடிப் பிடித்து பிராச்சானோவுக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர். எரிபொருள் தாராளமாகப் போதும்.