நாகராஜா கோயில் ஆயில்ய பூஜை என்று சொல்லி 5,501 ரூபாயைப் பறித்துவிட்டார்கள், யாரும் ஏமாறாதீர்கள்

மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் திங்கள்சந்தை பக்கம். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாகக் கட்டில்தான். நடமாட்டம் இருந்தவரை ஆயில்யம் தோறும் நாகர்கோவில் போய் நாகருக்குப் பால் ஊற்றாமல் இருந்ததில்லை. ஆவணி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் வரிசையில் நின்றவள்.

அவளுக்காகத்தான் இணையத்தில் ஒரு மெய்நிகர் கோயிலைத் திறந்து கொடுத்தேன். பெயர் சொல்லவில்லை, இதுபோல நிறைய இருக்கின்றன. திரையைத் தொட்டால் மணி அடிக்கும், பூ விழும், விரலை வட்டமாகச் சுற்றினால் ஆரத்தி. அதற்குக் காசு இல்லை. அம்மா நடுங்குகிற விரலால் ஆரத்தி சுற்றிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. அங்கேதான் நான் விழுந்தேன்.

அதே தளத்தில் 'உங்கள் பெயரில் ஆயில்ய பாலபிஷேகம், நேரலை, பிரசாதம் வீட்டுக்கு வரும்' என்று போட்டிருந்தது, 3,501 ரூபாய். அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒருவர் போனில் கூப்பிட்டார். அவ்வளவு மரியாதையான பேச்சு. அம்மாவிடமே கொடுக்கச் சொல்லி, பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கேட்டு, "அம்மா, நீங்க சீக்கிரம் எழுந்து நடப்பீங்க" என்றார். அம்மா அழுதுவிட்டாள். அப்புறம் என்னிடம் சர்ப்ப தோஷ சங்கல்பத்துக்குத் தட்சிணை 2,000 தனி என்றார். அதையும் அனுப்பினேன். மொத்தம் 5,501.

ஆயில்யத்தன்று காலையில் அம்மாவுக்கு உடம்பு துடைத்து, புதுச்சேலை உடுத்தி, தலையணை வைத்து உட்கார வைத்தேன். வீடியோ வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "மக்களே, இது நம்ம நாகராஜா இல்லல்லா. ஓலைக்கூரை எங்க? மண்ணு எங்க?" என்றாள்.

போனவர்களுக்குத் தெரியும். நாகராஜா கருவறைக்கு ஓலைதான் கூரை. தரை ஈர மண், அந்த மண்தான் பிரசாதம். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெள்ளையாகவும் இருக்கும் என்பார்கள். வீடியோவிலோ பளபளவென்று கல் பதித்த தரை, எந்த ஊர்க் கோயிலோ. எப்போதோ எடுத்ததற்கு மேலே 'நேரலை' என்று எழுதி ஓட்டியிருக்கிறார்கள். அம்மா தன் பெயரைச் சொல்வார்கள் என்று கடைசிவரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு மட்டும்தான் ஓடியது.

கூப்பிட்டால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு '48 மணி நேரத்தில் பதில் வரும்'. மறுநாள் 'சர்வர் பிரச்சினை, வேறு வீடியோ வந்துவிட்டது'. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பூஜை நடந்துவிட்டது, சாமி காரியத்துக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா' என்று எனக்கே புத்தி சொன்னார்கள். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். பிரசாதம் என்று ஒரு கவர் மட்டும் வந்தது. குங்குமமும் கொஞ்சம் கற்கண்டும். அம்மா கேட்ட மண் இல்லை.

5,501 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அம்மாவின் ஒரு மாத மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் வைத்திருந்த பணம். அதைவிட, படுத்துக் கிடக்கிறவளிடம் நட்சத்திரம் கேட்டு அழ வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானது மட்டும். பணம் அனுப்பும் முன்பு யார் பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். எனக்கு ஒரு தனிநபர் பெயர் காட்டியது, கவனிக்காமல் விட்டேன். கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், அல்லது அறநிலையத் துறையின் சொந்தத் தளத்தில் அந்தக் கோயிலுக்கு முன்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் அவர்கள் பதிலுக்குக் காத்திருந்து இரண்டு நாளை விட்டுவிட்டேன். இன்று காலைதான் புகார் கொடுத்தேன்.

அடுத்த ஆயில்யத்துக்கு நான் நேரில் போகிறேன். அம்மாவுக்கு அந்த மண் வேண்டும்.