குரல் வாக்கெடுப்பா, டிவிஷனா?

இந்திய நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. "ஆம்" சத்தம் ஓங்கினால் வேலை முடிந்தது. வேகம் உண்டு, யார் எந்தப் பக்கம் என்பதற்குத் தடயம் இல்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள், வாக்குகளை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டும், கூச்சலுக்கு நடுவே இப்படித்தான் நிறைவேறின.

டிவிஷன் என்பது ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கையும் எண்ணும் முறை. மெதுவானது, ஆனால் பெயரோடு பதிவாகும். 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை மக்களவையில் 454 பேர் ஆதரித்தார்கள், இருவர் எதிர்த்தார்கள். அந்த இருவர் யாரென்று எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு டிவிஷனுக்கே. ஓர் உறுத்தலும் உண்டு: 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே பறிபோகலாம். வாக்காளர் அந்தப் பதிவைப் புரட்டுவதற்குள் கட்சித் தலைமை புரட்டிவிடும்.