ஜெர்மனியில் மடிக்கணினி மின்னஞ்சல்: கைப்பேசி ஹாட்ஸ்பாட்டும் தண்டர்பேர்டும் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன?

வெளிநாட்டில் மடிக்கணினியில் மின்னஞ்சல் பார்க்கத் தனி இணைப்புக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஒரு யூ.எஸ்.பி. கேபிள், தண்டர்பேர்டு என்னும் இலவச மின்னஞ்சல் மென்பொருள் ஆகிய மூன்றும் போதும் என்பதை, இவற்றை ஜெர்மனியில் பயன்படுத்திப் பார்த்தபின் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால், வீட்டு பிராட்பேண்டில் இருக்கும் நினைப்பிலேயே பின்னணியில் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். மின்னஞ்சலுக்குச் செலவாகும் டேட்டா சொற்பம். கணக்கில் காணாமல்போகும் டேட்டா பெரும்பாலும் வேறு எங்கோ போயிருக்கும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் பிராங்பர்ட் நகரில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கரூரிலிருந்து வீட்டுத் துணி ஏற்றுமதியாளர்கள் பலர் செல்கிறார்கள். அவர்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வந்த மின்னஞ்சலைப் படிக்கக் கைப்பேசியே போதும் என்றாலும், விலைப்பட்டியலைத் திறந்து நான்கு வரிசைகளைத் திருத்தி, பழைய ஆர்டருடன் ஒப்பிட்டு, அன்று மாலைக்குள் வாங்குபவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவருக்கு மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஆகாது.

விடுதி வைஃபை இருக்கும்போது கைப்பேசி எதற்கு என்று கேட்கலாம். விடுதி வைஃபைகளில் பெரும்பாலானவை முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுகின்றன. அந்தப் பக்கத்தை உலாவியில் திறந்து ஒப்புதல் தரும்வரை மின்னஞ்சல் மென்பொருள் காரணம் புரியாத பிழைச்செய்தியையே காட்டிக்கொண்டிருக்கும். நான் தங்கிய ஒரு விடுதியில் அஞ்சல் வந்து சேர்ந்தது, ஆனால் அனுப்ப முடியவில்லை. அஞ்சல் அனுப்புவதற்கான 587, 465 ஆகிய எண்கள் கொண்ட வாயில்களை (போர்ட்) சில வலையமைப்புகள் அடைத்துவைத்திருப்பதே இத்தகைய கோளாறுக்கு வழக்கமான காரணம். அதே அறையில் கைப்பேசி இணைப்புக்கு மாறியதும் அஞ்சல் உடனே சென்றது.

கைப்பேசியை மடிக்கணினியுடன் இணைக்க வைஃபை ஹாட்ஸ்பாட், புளூடூத், யூ.எஸ்.பி. கேபிள் என மூன்று வழிகள் உண்டு. எல்லோரும் முதலில் நாடுவது வைஃபை ஹாட்ஸ்பாட்டை. ஆனால் கைப்பேசியின் பேட்டரியை அதிகம் குடிப்பதும் அதுதான். புளூடூத்தின் வேகம் நொடிக்கு ஓரிரு மெகாபிட் அளவில் நின்றுவிடும், எழுத்து அஞ்சலுக்கு அது தாராளம். என் விருப்பம் கேபிள்தான். விண்டோஸ் மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் செருகி, கைப்பேசியின் அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங்கை (அதன் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் வசதி) இயக்கினால் இணைப்பு உடனே கிடைக்கிறது; கைப்பேசிக்குச் சார்ஜும் ஏறுகிறது; நூற்றுக்கணக்கான வைஃபைகள் மோதிக்கொள்ளும் கண்காட்சி அரங்கின் நெரிசலும் இதைப் பாதிப்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஆப்பிளின் மென்பொருளை முன்னதாகவே நிறுவிக்கொள்ள வேண்டும். மேக் கணினியுடன் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் கேபிளை நம்பிப் புறப்பட வேண்டாம், வைஃபையே அவர்களுக்குப் பாதுகாப்பு.

இணைந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, விண்டோஸ் அமைப்புகளில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது டேட்டாவை அளந்து செலவிட வேண்டியது, என்று குறிப்பது. அப்படிக் குறித்தால் விண்டோஸ் புதுப்பிப்புகளில் பெரும்பாலானவை ஒத்திவைக்கப்படும், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவ் தன் ஒத்திசைவை நிறுத்திக்கொள்ளும். இந்த ஒற்றைப் பொத்தானைத் தொடாமல் போனால், ஒரே மாலையில் வரும் பெரிய புதுப்பிப்பு ஒன்று, முழுப் பயணத்தின் மின்னஞ்சல்களைவிட அதிக டேட்டாவை எடுத்துவிடக்கூடும். மேக் பயனர்களுக்கு வென்சுரா பதிப்பிலிருந்து 'லோ டேட்டா மோட்' இருக்கிறது.

அடுத்து தண்டர்பேர்டு. 2004-இல் 1.0 பதிப்பு வெளிவந்த இம்மென்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்று கட்டளையிடும் உரிமையை அது முழுமையாகப் பயனரிடம் கொடுப்பதுதான். கணக்கின் ஒத்திசைவுப் பக்கத்தில் கடைசி 30 நாள் அஞ்சல்களை மட்டும் கணினியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். குறிப்பிட்ட கிலோபைட்டுக்கு மேற்பட்ட அஞ்சல்களை இறக்காதே என்றும் சொல்லலாம். அப்போது யார் அனுப்பினார், என்ன பொருள் என்பது தெரியும், கனமான இணைப்புக் கோப்பு நாம் கேட்டால்தான் வரும். அஞ்சலுக்குள் வெளியிலிருந்து ஏற்றப்படும் படங்களை அது இயல்பாகவே தடுத்துவைக்கிறது. விளம்பர அஞ்சல்கள் தின்னும் டேட்டா இதனால் மிச்சமாகிறது. குறை என்று பார்த்தால், இந்த அமைப்புகள் ஆழத்தில் கிடக்கின்றன. புதிதாகக் கணக்கைச் சேர்த்தவுடன் அது எல்லா அஞ்சல்களையும் இறக்கத் தொடங்குவதால், கணக்கை ஊரிலேயே சேர்த்து, ஒருமுறை முழுமையாக ஒத்திசைத்த பிறகு புறப்படுவது அவசியம். புதிய நாட்டிலிருந்து முதன்முறையாக உள்நுழையும்போது வரும் கூடுதல் சரிபார்ப்புத் தொல்லையும் இதனால் குறையும்.

அனுப்பும் பக்கத்தில் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சலுடன் இணைக்கப்படும் கோப்பு எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. மூன்று பைட் நான்காகும். எனவே 9 மெகாபைட் துணி மாதிரிப் படங்கள் இணையத்தில் 12 மெகாபைட்டாகச் செல்லும். படங்களைச் சுருக்கி அனுப்புவது டேட்டாவுக்கும் நல்லது, பெறுபவருக்கும் நல்லது.

பிராங்பர்ட்டிலிருந்து, சுவிட்சர்லாந்தின் எல்லை நகரான பாசெல் நோக்கிச் செல்லும் ஐ.சி.இ. அதிவேக ரயிலில் இந்த ஏற்பாட்டைச் சோதித்தேன். பிரைபர்க் தாண்டியதும் 2012-இல் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான காட்சன்பெர்க் சுரங்கப்பாதை வருகிறது. சுரங்கம் நெருங்கும்போது தண்டர்பேர்டை 'ஆஃப்லைன்' நிலைக்கு மாற்றி, பதில்களை எழுதி வெளிப்பெட்டியில் அடுக்கிவைத்தேன். பிறகு வலைப்பின்னல் உறுதியானதும் ஒரே சொடுக்கில் எல்லாம் சென்றன. உலாவியில் மட்டுமே அஞ்சல் பார்ப்பவருக்கு இந்த நிம்மதி எளிதில் வாய்ப்பதில்லை.

இனி சிம். இந்திய சிம்மின் ரோமிங் திட்டத்தில் போகும் டேட்டா பொதுவாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தே இணையத்தை அடைகிறது. இணையப் பக்கங்கள் சற்றுத் தாமதமாகும், அஞ்சலுக்கு அது பொருட்டே அல்ல; இந்திய முகவரிகளை மட்டும் ஏற்கும் அலுவலக சர்வர் உள்ளவர்களுக்கு அது அனுகூலமும் ஆகும். நீண்ட தங்கலுக்கு உள்ளூர் ப்ரீபெய்டு சிம் மலிவு. 2017 ஜூலை முதல் ஜெர்மனியில் அதற்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், பாஸ்போர்ட்டுடன் சிறிது நேரமும் ஒதுக்க வேண்டும். பயண இ-சிம் (அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே பதிவாகும் சிம்) வாங்குவதானால், ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று திட்டத்தில் படித்த பிறகே பணம் கட்டுங்கள். எதை எடுத்தாலும் இந்திய சிம்மைக் கழற்றிவிடாமல், அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து இரண்டாவது சிம்மாக வைத்திருங்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். புறப்படும் முன் அதில் ரோமிங் சேவை இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசெல் பகுதியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டில் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தும் விதி 2017 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளது, 2032 வரை நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. சுவிட்சர்லாந்து அந்த விதிக்குள் இல்லை. சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து அதையும் சேர்க்கின்றன, எல்லாத் திட்டங்களிலும் அல்ல. பாசெல் டிராம்களோ ஒரு பக்கம் ஜெர்மனியின் வைல் அம் ரைன் ஊருக்கும் மறுபக்கம் பிரான்சின் செயின்ட் லூயிக்கும் ஓடுகின்றன. ஜெர்மன் ரயில்வே நடத்தும் பாடிஷர் பான்ஹோப் நிலையமும் சுவிஸ் மண்ணில்தான் இருக்கிறது. எல்லையின் ஜெர்மன் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போதே கைப்பேசி சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே வைல் அம் ரைனில் அறை எடுத்திருப்பவர் தானியங்கித் தேர்வை அணைத்து ஜெர்மன் வலையமைப்பைக் கையாலேயே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பாசெலுக்குள் போகும் நாளில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு டிராம் ஏற வேண்டும்.