ஹெர்ட்ஸா, ஜிஆர்எஃப்பியா?

அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் முனைவர் படிப்புக்குத் தனியார் தரும் உதவித்தொகைகளில் பேர்போனது ஹெர்ட்ஸ். அரசு தரப்பில், தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் தரும் ஜிஆர்எஃப்பி. எஃப்-1 மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்.

1952-இல் தொடங்கிய ஜிஆர்எஃப்பியில் எல்லாம் எழுத்தில்தான்: ஆய்வுத் திட்டம் 2 பக்கம், தன்னைப் பற்றி 3 பக்கம், சிபாரிசுக் கடிதங்கள். பணம் 3 ஆண்டுக்கு.

ஹெர்ட்ஸ் வேறு ரகம். டாக்ஸியிலும் வாடகைக் காரிலும் சம்பாதித்த ஜான் ஹெர்ட்ஸின் பணம் அது. 5 ஆண்டு வரை தருவார்கள். ஆனால் தேறுவது வருடத்துக்கு ஒன்றிரண்டு டஜன் பேர்தான். கண்டமே நேர்காணலில் இருக்கிறது. உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும் நேர்காணல் எடுப்பவர் திடீரென்று சம்பந்தமில்லாத இயற்பியல் கேள்வி ஒன்றைத் தூக்கிப் போடலாம். விடை வராவிட்டாலும் பரவாயில்லை; தெரியாத இடத்தில் எப்படி யோசிக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார். அப்புறம் ஒரு விசித்திரம்: அமெரிக்காவுக்கு நெருக்கடி வந்தால் என் திறமையைத் தருவேன் என்று தார்மீக உறுதியும் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கூடுதல் 2 ஆண்டுக்காகவே ஹெர்ட்ஸை முயன்று பார்க்கலாம். ஆனால் ஜிஆர்எஃப்பியின் 2 பக்கத்தை முதலில் எழுதிவிடுங்கள். நேர்காணலில் பேசவும் அது கை கொடுக்கும்.